மூன்றாவது பெயர்

வேம்பநேரி நகராட்சிப் பொறியாளர் தாணுமூர்த்திக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. அவர் உள்ளே நுழைந்தால் அலுவலகமே எழுந்து நிற்கும். ஆயினும் விடை தெரியாத கேள்வி ஒன்று மனத்தில் உறுத்தத் தொடங்கினால், அவர் போய் நிற்கும் வாசல் ஊரில் ஒன்றுதான் இருந்தது. அது அமலோற்பவம் அம்மையாருடைய வாசல்.

அம்மையார் கல்லூரியில் அவருக்குச் சாலை அமைப்பைக் கற்பித்தவர். ஓய்வுபெற்ற பின் தனியே வாழ்ந்தார். அவர் வாயால் பாராட்டுப் பெற்றதாகச் சொல்லிக்கொள்ளும் மாணவர் எவரும் இல்லை. கேட்ட கேள்விக்கு நேராக விடை பெற்றவரும் இல்லை.

ஐப்பசி மாதத்து நசநசவென்ற தூறலில், சுருட்டிய வரைபடத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தாணுமூர்த்தி அங்கே போய்ச் சேர்ந்தார். ஈரத் தலையைக்கூடத் துடைக்காமல் வந்த காரியத்தைச் சொல்லத் தொடங்கினார்.

பீடிக்கடைத் தெருவைப் பற்றிய காரியம் அது. தெருவின் ஒரு பக்கம் பேருந்து நிறுத்தமும் பெண்கள் பள்ளியும். மறுபக்கம் பீடிக்கடை. வீட்டில் சுற்றிய பீடியைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு, சாயங்காலமானால் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் அந்தத் தெருவைக் குறுக்கே கடந்து கடைக்குப் போவார்கள். சந்தை நெரிசலைத் தவிர்க்க எண்ணிய மணல் லாரிகளும் அதே தெருவில்தான் பறக்கும்.

சென்ற ஆண்டு அங்கே ஒரு பெண் அடிபட்டு இறந்தாள். பெயர் கனகவல்லி. தெருவோரத்தில் இஸ்திரிக் கடை வைத்திருந்த பிச்சையாவின் ஒரே மகள். தகப்பனுக்கு மதியச் சோறு கொண்டுவந்தவள், அவர் கண்ணெதிரே விழுந்தாள். ஊர் திரண்டு, உடலை எடுக்கவிடாமல் சாலை மறியல் செய்தது. அப்போது சமாதானம் பேசப் போன தாணுமூர்த்தி, பிச்சையாவின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு வாக்குக் கொடுத்தார். கனகவல்லி விழுந்த அதே இடத்தில் மக்கள் அச்சமின்றிக் கடக்க ஒரு வழி செய்வேன் என்பதுதான் அந்த வாக்கு.

செய்தும் காட்டினார். தெருவின் குறுக்கே அகலமான வேகத்தடை ஒன்றை மேடைபோல் எழுப்பி, நடந்து கடப்பதற்கு அதன்மேல் வெள்ளைக் கோடுகள் இழுத்து, இரு புறமும் மினுக்கும் விளக்கு வைத்தார். திறப்பு விழாவில் நகராட்சித் தலைவர் ரிப்பன் வெட்டினார், பூசணிக்காய் உடைத்தார்கள், எல்லோரும் இனிப்பு வாங்கிக்கொண்டு கலைந்தார்கள்.

இந்த ஐப்பசியில் அதே தெருவில் இன்னொருத்தி இறந்தாள். மாடத்தி. பீடிக்கடையிலிருந்து திரும்பியவள். கையில் பிடித்திருந்த பிள்ளையை உதறித் தள்ளிவிட்டதால் பிள்ளை பிழைத்தது. அவள் விழுந்த இடத்திலிருந்து பார்த்தால் வெள்ளைக் கோட்டு மேடு கூப்பிடு தூரத்தில் கிடந்தது.

“கட்டிக் கொடுத்தும் யாரும் அதுல நடக்க மாட்டேங்கறாங்க, அம்மா. பக்கத்துல பத்திரமா வழி இருக்கும்போது, தள்ளிப் போய்க் குறுக்க ஓடுறாங்க. உயிர் மேல பயமில்லாத ஜனம்” என்று சொல்லி முடித்தார் தாணுமூர்த்தி.

பிறகு வரைபடத்தை விரித்தார். மாடத்தி விழுந்த இடத்தில் இன்னொரு மேடு. தெருவின் நடுவே, நீளம் முழுவதும், இடுப்பளவு இரும்புக் கம்பித் தடுப்பு. இனி ஒருவர் மறுபக்கம் போக வேண்டுமானால் இந்த மேட்டிலோ அந்த மேட்டிலோதான் போயாக வேண்டும். அடுத்த வாரம் நகர்மன்றம் கூடுகிறது. ஒப்புதல் கிடைத்தால் கார்த்திகைக்குள் வேலை தொடங்கிவிடும்.

“எங்கம்மா தப்பு பண்ணினேன்?” என்று கேட்டார்.

அம்மையார் வரைபடத்தின் பக்கம் திரும்பவில்லை.

“நீ அந்த மேட்டுல நடந்திருக்கியா?”

“கட்டினதே நான்தானே, அம்மா.”

“நான் கேட்டது அதை இல்ல. நாளைக்குக் காலையில வா.”

மறுநாள் தூறல் நின்றிருந்தது. வரைபடத்தோடு வந்து அம்மையாரின் வாசற்படியில் கால் வைத்த தாணுமூர்த்தி, சட்டென்று நின்றார். படியின் நடுவில் எலுமிச்சம்பழம் ஒன்று இரண்டாக அறுபட்டு, குங்குமம் தடவிக் கிடந்தது. மேலே நிலையில் வேளாங்கண்ணி மாதா படம். அந்தப் படத்துக்குக் கீழே இப்படி ஒரு காட்சியை அவர் கண்டதில்லை. வேண்டாத எவரோ அம்மையாருக்கு ஏதோ செய்துவிட்டார்கள் என்று திடுக்கிட்டார். கால்சட்டையைத் தூக்கிப் பிடித்து, சுவரைப் பற்றிக்கொண்டு, படியின் ஓரமாகவே ஏறி உள்ளே போனார்.

“வாசல்ல யாரோ பழம் அறுத்து வச்சிருக்காங்க, அம்மா” என்றார் தாழ்ந்த குரலில். “குங்குமம் வேற.”

“நான்தான் வச்சேன்.”

சிரிப்பதா, கூடாதா என்று தெரியாமல் நின்றார் தாணுமூர்த்தி.

“ஏன் மிதிக்கல?”

“யோசிச்சு செய்யலம்மா. கால் தானா விலகிடுச்சு.”

“படியோட ஓரத்தைப் பார்த்தியா?”

திரும்பிப் பார்த்தார். மழைக்காலத்துப் பாசி பச்சைப் பசேலென்று படர்ந்திருந்தது. அதன்மேல் அவருடைய செருப்பு இழுபட்ட தடம், வழுக்கி மீண்ட கோடாக, பளிச்சென்று தெரிந்தது.

“விழுந்திருந்தா இடுப்பு போயிருக்கும். பேய் பிசாசை நம்புறியா?”

“இல்லம்மா.”

“பிறகு?”

“எதுக்கு வம்புன்னுதான்...”

“நானும் நம்பல. பழத்தை எடுத்துட்டு வா, ரசத்துக்கு வேணும்.”

தாணுமூர்த்தி வாசலுக்குப் போய்க் குனிந்தார். கை நீளவில்லை. குனிந்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். அம்மையார் வந்து அவரை ஒதுக்கிவிட்டு இரு பாதிகளையும் எடுத்தார், குழாயில் கழுவினார், அடுக்களைக்குள் கொண்டுபோனார். உள்ளிருந்தபடியே சொன்னார்:

“வரைபடத்தை இங்க வச்சுட்டுப் போ. பீடி ஒப்படைக்கிற நேரத்துல அந்தத் தெருவுல போய் நில்லு. சொல்லத் தெரியும்போது வா.”

தாணுமூர்த்தி போய் நின்றார். அன்று மட்டுமன்றி அடுத்தடுத்த நாட்களிலும் நின்றார். தெருவை அளந்த நாட்களில் கையில் நாடா இருந்தது, உதவிக்கு ஆள் இருந்தார்கள், அவர் யாரென்று எல்லோருக்கும் தெரிந்தது. இப்போது வெறுங்கையோடு ஒரு சுவரோரம் நிற்பவரைக் கண்டு பீடித்தட்டுப் பெண்களுக்கு ஒரே வேடிக்கையாகிவிட்டது. சாருக்கு வீட்டில் சோறு போடவில்லையோ என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டாள். பெண்சாதி விரட்டியிருப்பாள் என்றாள் மற்றவள். பீடி இலை கத்தரிக்க வருகிறாரா கேள் என்றாள் மூன்றாமவள். அவர் கேட்டும் கேளாதவர்போல் நின்றார்.

வெள்ளைக் கோட்டு மேட்டின் விளிம்பில் அறுத்த எலுமிச்சம்பழம் கிடந்தது. கற்பூரம் எரிந்த கறை, வாடிய செவ்வந்தி, சிந்திய குங்குமம். பிச்சையா வெள்ளிதோறும் வைப்பது. அமாவாசையன்று கூடுதலாக ஒரு வாழையிலையும் இருக்கும். தாணுமூர்த்தி ஓராண்டாக அதைப் பார்த்து வந்திருக்கிறார். பெற்றவர் துக்கம் என்று எண்ணித் தலை குனிந்து கடந்திருக்கிறார். தெருவில் கிடக்கும் ஒரு பொருளாக அதை அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை.

பெண்கள் பேருந்திலிருந்து இறங்கினார்கள். மேட்டை நோக்கித்தான் வந்தார்கள். அருகில் வந்ததும் பேச்சு தணிந்தது. பிள்ளை வைத்திருந்தவள் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்தாள். மேட்டைத் தாண்டி, பருத்திக் கிடங்குச் சந்தின் முனைவரை ஓரமாகவே நடந்து, அங்கே போய்க் கூட்டமாகக் குறுக்கே இறங்கினார்கள். பள்ளிப் பெண்களும் அப்படியே. ஒருவரும் ஒருவரிடமும் காரணம் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவில்லை.

திறப்பு விழா அவர் நினைவுக்கு வந்தது. பூசணிக்காய் சிதறிக் கிடந்தது. தலைவர் அதைச் சுற்றிக்கொண்டு போனார், அதிகாரிகள் தலைவரைத் தொடர்ந்து போனார்கள். தாமும் அப்படியே போனதை அவர் இப்போது கண்டார். அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, அந்தக் கோடுகளின் மேல் அவர் கால் பட்டதில்லை.

தம்மைக் கேலி செய்த பெண்களில் ஒருத்தியை நிறுத்தி, ஏன் அதில் நடப்பதில்லை என்று கேட்டார். அவள் தட்டை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, இதையும் ஒருவர் கேட்பாரா என்பதுபோல் பார்த்தாள்.

“அது கனகா இடம்லா, சார். அது மேல எப்படி மிதிக்க?”

அப்போது ஒரு மணல் லாரி வந்தது. மேட்டைக் கண்டு பெருமூச்சுவிட்டு அடங்கியது. முன் சக்கரம் ஏறி இறங்கியது, பின் சக்கரம் ஏறி இறங்கியது. விட்ட வேகத்தைப் பிடிக்க ஓட்டுநர் அழுத்தினார். லாரி உறுமிக்கொண்டு வேகம் எடுத்த இடம் பருத்திக் கிடங்குச் சந்தின் முனை. மாடத்தி விழுந்த இடம். பெண்கள் பின்வாங்கி, முந்தானையால் முகத்துப் புழுதியைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் இறங்கினார்கள்.

தாணுமூர்த்தி சுவரில் சாய்ந்துகொண்டார்.

அவர் அம்மையாரிடம் திரும்பிப் போனபோது வரைபடம் மேசைமேல் விரிந்து கிடந்தது. அம்மையார் அதன்மேல் விரலை வைத்தார்.

“இது என்ன?”

“கனகவல்லி விழுந்த இடம்.”

“இது?”

“மாடத்தி.”

“செத்தவங்களுக்குச் சிவப்பு வச்சிருக்க. உயிரோட இருக்கறவங்களுக்கு என்ன நிறம்?”

தாணுமூர்த்தி வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். இரண்டு சிவப்புப் புள்ளிகளைத் தவிர அந்தத் தெருவில் மனிதர் எவரும் இல்லை. அதை எடுத்து மடித்தார். மடித்ததை மறுபடியும் மடித்தார்.

புதிய வரைபடம் எழுந்தது. கம்பித் தடுப்பு போயிற்று. பெண்கள் தாமாக இறங்கும் சந்து முனையில் தெருவின் அகலத்தைக் குறுக்கி, நடைபாதையை இரு புறமும் முன்னே நீட்டி, கடக்கும் தூரத்தைப் பாதியாக்கினார். லாரி மெல்ல மட்டுமே நுழைய முடியும்படி தெருவுக்குள் வரும் திருப்பத்தை இறுக்கினார். பேருந்து நிறுத்தத்தை அதற்கு எதிரே நகர்த்தினார். கோடுகளும் விளக்கும் அங்கே போயின. பழைய மேடு அதன் இடத்தில் இருக்க முடியாது. அது அங்கே இருக்கும்வரை, லாரி அங்கே தணிந்து சந்து முனையில்தான் சீறும்.

மன்றத்தில் பேசுவது அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. இஸ்திரிக் கடைக்குப் போவது பெரிதாக இருந்தது. இருண்ட முகத்தோடு மறுபடியும் அம்மையார் முன் வந்து உட்கார்ந்தார்.

“பிச்சையாகிட்ட என்னன்னு சொல்றது, அம்மா? மேட்டை எடுக்கப் போறேன்னு சொன்னா ஏன்னு கேப்பாரு. ‘நீங்க பழம் வச்சதாலதான் யாரும் நடக்கல’ன்னு அவர்கிட்ட சொல்லட்டுமா? அது உண்மைதானே.”

“அவர் பழம் வச்ச இடத்துல நீ கோடு போட்டியா? நீ கோடு போட்ட இடத்துல அவர் பழம் வச்சாரா?”

தாணுமூர்த்தி யோசித்தார். கனகவல்லியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த வெள்ளியன்றே பிச்சையா அங்கே கற்பூரம் ஏற்றத் தொடங்கிவிட்டார். மேடு கட்டத் தொழிலாளர்கள் வந்தபோது, அந்தக் கற்பூரக் கறையின்மேல்தான் சாந்து கொட்டினார்கள். தாணுமூர்த்தியே பக்கத்தில் நின்று மேற்பார்வையிட்டார்.

“அவர்தான் முதல்ல வச்சாரு, அம்மா.”

“அப்போ உண்மையில உன் பங்கு எது, அதை மட்டும் எடுத்துட்டுப் போ.”

பிச்சையா ஒரு வெள்ளைச் சட்டையை விரித்து, கரி இஸ்திரிப்பெட்டியை ஊதிச் சாம்பலைத் தட்டிக்கொண்டிருந்தார். பொறியாளரைக் கண்டதும் பெஞ்சைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். வாக்குத் தவறாத அதிகாரி என்று ஊரெல்லாம் அவரைப் பற்றிச் சொல்லி வந்தவர் பிச்சையா. தாணுமூர்த்தி உட்காரவில்லை. பிச்சையா பெட்டியை எடுத்துச் சட்டையைத் தேய்க்கத் தொடங்கினார்.

“அண்ணாச்சி, அந்த மேட்டை எடுக்கணும்.”

“எந்த மேட்டை?”

“நம்ம மேட்டைத்தான்.”

பிச்சையாவின் கை நின்றது. பெட்டி சட்டையின்மேல் இருந்தது.

“என்ன சொல்லுதீய?”

“நான் தப்பான இடத்துல கட்டிட்டேன், அண்ணாச்சி. லாரி இங்க மெதுவா வந்து அங்க சந்து முனையில வேகமெடுக்குது. ஜனங்க அங்கதான் கடக்காங்க.”

“இங்க ஏன் நடக்க மாட்டேங்காவ?”

விடை தாணுமூர்த்தியின் நாக்கு நுனியில் இருந்தது. கடையின் மூலையில், அடுத்த வெள்ளிக்காக, காகிதப் பொட்டலத்தில் கற்பூரமும் இரண்டு பழமும் இருந்தன. அவற்றைப் பார்த்தார். பார்வையை விலக்கிக்கொண்டார்.

“அவங்க நடக்கிற இடம் எதுன்னு நான் பார்க்கல.”

“அப்போ மாடத்தி?”

“அது என் தப்பு.”

கருகல் நாற்றம் எழுந்தது. பிச்சையா பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார். சட்டையின் முதுகில் பெட்டியின் வடிவம் பழுப்பாகப் பதிந்திருந்தது. அதை அவர் கையால் நீவினார். நீவினால் போய்விடும் என்பதுபோல் மறுபடியும் மறுபடியும் நீவினார்.

“போன வருசம் என் பிள்ளையை ரோட்டுலருந்து அள்ளிட்டுப் போனீய” என்றார். குரல் உயரவில்லை. “இப்போ ரெண்டாந்தரம் அள்ள வந்திருக்கீய.”

அதற்கு மேல் அவர் பேசவில்லை. அன்று மட்டுமல்ல, அதன் பிறகு தாணுமூர்த்தியோடு அவர் பேசவே இல்லை.

மார்கழியில் மேட்டை இடித்தார்கள். பிச்சையா கடை வாசலில் நின்று பார்த்தார். இடிபட்ட காங்கிரீட்டில் வெள்ளைக் கோடு படிந்த துண்டு ஒன்றை அவரே போய்ச் சுமந்து வந்து, கடைக்குள் கனகவல்லியின் படத்துக்குக் கீழே சாத்தினார். கற்பூரமும் பழமும் அன்றிலிருந்து கடைக்குள் போயின. மேடு இருந்த இடத்தைத் தாரிட்டு மூடினார்கள்.

புதிய வழி சந்து முனையில் அமைந்தது. பெண்கள் அதில் நடந்தார்கள். அது புதிது என்றுகூட அவர்கள் எண்ணியதாகத் தெரியவில்லை. தாம் எப்போதும் நடந்த இடத்தில்தான் நடந்தார்கள். யாரும் ரிப்பன் வெட்டவில்லை. இந்த முறை பூசணிக்காய் வேண்டாம் என்று தாணுமூர்த்தி எழுத்திலேயே கேட்டுக்கொண்டதால் தலைவருக்கு அவர்மேல் மனத்தாங்கல்.

அடுத்த ஐப்பசி வந்து போனது. பீடிக்கடைத் தெருவில் சாவு விழவில்லை. விழாததைப் பற்றி எவரும் பேசவில்லை. மேட்டை எடுத்ததைப் பற்றிப் பேசினார்கள். பெற்றவன் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர் என்று தேநீர்க் கடையில் ஒருவர் சொன்னது தாணுமூர்த்தியின் காதுக்கே வந்தது. இஸ்திரிக் கடையைக் கடக்கும்போதெல்லாம் பிச்சையா தலையைத் திருப்பிக்கொண்டு கரியை ஊதினார். ஓய்வுபெறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அலுவலகத்துக்கு வேறு வழி இருந்தும் தாணுமூர்த்தி அந்தத் தெரு வழியாகவே போனார்.

ஒரு மழை நாளில் அம்மையாரிடம் வந்தார். இந்த முறை கையில் வரைபடம் இல்லை. படியின் பாசியைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“தினமும் அந்த முகத்தைப் பார்க்கிறேன், அம்மா” என்றார். “நான் யாருக்குக் கெடுதல் செஞ்சேன்னு எனக்குத் தெரியுது. பேர் தெரியும், கடை தெரியும். நல்லது செஞ்சிருந்தா அது யாருக்கு? அந்தத் தெருவுல தினமும் அத்தனை பேர் நடக்காங்க. அதுல யார் என்னால பிழைச்சாங்க? ஒருத்தர் போதும். ஒரே ஒரு பேர் தெரிஞ்சா, அதை வச்சுக்கிட்டு நான் தூங்கிடுவேன்.”

வெளியே மழை வலுத்தது. அம்மையார் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

“அந்தத் தெருவுல நடந்தவங்கள்ல, உனக்குப் பேர் தெரிய வந்தது யாரு யாரு?”

“கனகவல்லி” என்றார் தாணுமூர்த்தி. கொஞ்சம் பொறுத்து, “மாடத்தி” என்றார்.

“அப்போ மூணாவது பேரைக் கேக்காத.”